நிறுவனங்களை நேர்வழியில் நிறுத்துவது சட்டமே!

(பட்டிமன்றத் தலைப்பு: நிறுவனங்களை நேர்வழியில் நிறுத்துவது மனச்சாட்சியா? சட்டமா?)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, பாதிக் கைதட்டலை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்ட எதிரணி நண்பர்களே! மீதிப் பாதிக்காகப் போராட வந்திருக்கும் என் அணித் தோழர்களே! பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம் பக்கத்திலிருந்தும், அரியலூர், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! 

தலைப்பைப் பார்த்ததும் சிலர் நினைத்திருப்பீர்கள். ‘நிறுவனம், கம்பெனி, டைரக்டர் இதெல்லாம் பெரிய மனுசங்க சமாச்சாரம். நமக்கு என்ன? சின்ன வெங்காயம் விலை என்னன்னு பேசினாலாவது பிரயோஜனம் உண்டு’ என்று. (சிரிப்பு) இல்லீங்க. நீங்கள் பாங்கியில் போட்ட பணம் ஒரு நிறுவனத்தில் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்குக் கட்டுகிற சீட்டு ஒரு நிறுவனத்தில் இருக்கிறது. லெப்பைக்குடிகாட்டிலிருந்தும் வ.களத்தூரிலிருந்தும் வெளிநாடு போன பிள்ளை வெயிலில் வெந்து அனுப்பிய பணம் ஒரு நிறுவனத்தில் இருக்கிறது. அரியலூர் மண்ணுக்கு அடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுப்பதும் நிறுவனம்தான். ஆகவே இது உங்கள் வீட்டு வழக்கு.

நிறுவனம் என்றால் என்ன? ரொம்பச் சுலபம். பணம் ஒருத்தருடையது, பெட்டிச் சாவி இன்னொருத்தர் கையில். அவ்வளவுதான்! (சிரிப்பு) பணம் போட்டவர் பத்தாயிரம் பேர் இருப்பார். சாவி வைத்திருப்பவர் பத்துப் பேர் இருப்பார். சாவி வைத்திருப்பவர் பெட்டியைத் திறக்கும்போது, பணம் போட்டவர் பக்கத்தில் நிற்க முடியுமா? முடியாது. அப்போ யார் நிற்கணும்? ‘மனச்சாட்சி நிற்கும்’ என்கிறது எதிரணி. ‘சட்டம் நிற்கணும்’ என்கிறோம் நாங்கள்.

எதிரணித் தலைவர் ஐயா மிக அழகாகச் சொன்னார்கள். ‘செல்வர்கள் தங்கள் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்களாக இருக்க வேண்டும் என்றார் காந்தியடிகள்’ என்று. ஐயா, மகாத்மா சொன்னதைக் கையெடுத்துக் கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தர்மகர்த்தா என்ற சொல் நம் ஊருக்குப் புதுசா? நம் கோயில்களிலே தர்மகர்த்தாக்கள் இருந்தார்களே! பெயரிலேயே தர்மம். எதிரே சாமி. அந்த இடத்தில் கூட வராத மனச்சாட்சி வேறு எங்கே வரப்போகிறது? அப்படியிருந்தும் கோயில் நிலம் எங்கே, நகை எங்கே என்று கேட்க வேண்டி வந்தது. பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது, 1925-ல் இந்து சமய அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். எதற்கு? தர்மகர்த்தாவிடம் கணக்குக் கேட்க! சாமி பார்க்கிறது என்ற பயம் போதவில்லை ஐயா, தணிக்கை அதிகாரி பார்க்கிறார் என்ற பயமும் தேவைப்பட்டது! (கைதட்டல்)

சரி, நாம்தான் இப்படி, வெளிநாட்டுக்காரன் யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் என்ரான் என்று ஒரு கம்பெனி. நெறிமுறைக்கு என்றே அறுபது பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் போட்டு வைத்திருந்தார்கள். அதில் மரியாதை, நேர்மை என்று கொள்கைகள். 2001 டிசம்பரில் அந்தக் கம்பெனி திவாலாகிவிட்டது. கடனைக் கணக்கில் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தார்கள். சரி, கணக்குச் சரிபார்க்க ஒரு தணிக்கை நிறுவனம் இருக்குமே, அது என்ன பண்ணியது? அதற்கு 2000-ம் ஆண்டில் தணிக்கைக்காகக் கொடுத்த கூலி 2 கோடியே 50 லட்சம் டாலர். ஆலோசனை சொன்னதற்கு என்று தனியாகக் கொடுத்தது 2 கோடியே 70 லட்சம் டாலர்! பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியாருக்கே அதே பையன் டியூஷன் பீஸும் கட்டினால், அந்த வாத்தியார் பெயில் போடுவாரா? (சிரிப்பு, கைதட்டல்)

அதற்குப் பிறகு அமெரிக்கா என்ன செய்தது? ‘இன்னும் நூறு பக்கத்தில் நெறிமுறைப் புத்தகம் எழுதுங்கள்’ என்றா சொன்னது? 2002-ல் சட்டம் போட்டது. சார்பேன்ஸ், ஆக்ஸ்லி என்று அதைக் கொண்டுவந்த இருவர் பெயரால் வழங்கும் சட்டம். தலைமை நிர்வாகி தன் கைப்படக் கையெழுத்துப் போட்டு, ‘இந்தக் கணக்கு சரி’ என்று சொல்ல வேண்டும். தெரிந்தே, வேண்டுமென்றே பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டால் 20 ஆண்டு வரை சிறை. தணிக்கை செய்பவர் அதே கம்பெனிக்குப் பல வகையான ஆலோசனை வேலைகளைப் பார்க்கக் கூடாது. டியூஷனை நிறுத்தினார்கள் ஐயா!

நம் நாட்டுக்கு வருவோம். ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி. பெயரே சத்தியம்! அரிச்சந்திரனுக்கு அடுத்தபடி அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடியவர்கள். (சிரிப்பு) 2008-ல் நல்ல நிர்வாகத்துக்கு என்று விருதும் வாங்கினார்கள். 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவரே கடிதம் எழுதினார். பாங்கியில் இருப்பதாகக் கணக்கில் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று! எதிரணி நண்பர் இதைத்தான் ‘மனச்சாட்சி பேசியது’ என்றார். நண்பரே, அந்த மனச்சாட்சி எத்தனை ஆண்டு தூங்கியது? சில ஆண்டுகள்! பணம் தீர்ந்து, கணக்கை இனி மறைக்க முடியாது என்றானபோதுதானே விழித்தது?

இங்கே சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு மனச்சாட்சி இல்லையா? தவறு தெரிந்த அந்தக் கணத்திலேயே உயிரை விட்டவன். அப்படி ஒரு மனச்சாட்சி உலகத்தில் எந்தக் கம்பெனித் தலைவருக்கு இருக்கிறது? ஆனால் என்ன பயன்? கோவலன் திரும்பி வந்தானா? பொற்கொல்லன் சொன்னதும், ‘அந்தச் சிலம்பைக் கொண்டுவா, அரசியின் சிலம்போடு வைத்துப் பார்ப்போம்’ என்று ஒரு விசாரணை முறை இருந்திருந்தால் மதுரையும் எரிந்திருக்காது. மனச்சாட்சி வந்தது. வராமல் இல்லை. ஆனால் கொலை நடந்த பிறகு வந்தது. கொலைக்கு முன்னால் வருவதற்குப் பெயர்தான் சட்டம்! (நீண்ட கைதட்டல்)

மற்ற நாடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு நாடும் இந்தப் பெட்டிச் சாவிக்கு ஒவ்வொரு விதமாகப் பூட்டுப் போட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் 1992-ல் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. தலைவர் ஏட்ரியன் கேட்பரி. நம் பிள்ளைகள் அழுதால் வாங்கிக் கொடுக்கிறோமே, அந்தச் சாக்லேட் குடும்பத்துக்காரர்தான். (சிரிப்பு) அதனால் விதியையும் கொஞ்சம் இனிப்பாகவே செய்தார்கள். ‘கடைப்பிடி, இல்லையென்றால் ஏன் கடைப்பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகக் காரணம் சொல்’ என்று. இது மனச்சாட்சிக்கு விட்டது என்று எதிரணி சொல்லலாம். கிடையாது! காரணம் சொல்லாவிட்டால் பங்குச் சந்தையில் இடம் கிடைக்காது என்ற கட்டாயம் பின்னால் நிற்கிறது. கையில் சாக்லேட், முதுகுக்குப் பின்னால் பிரம்பு!

ஜெர்மனியில் கம்பெனிக்கு இரண்டு சபை. ஒன்று நடத்துகிற சபை, இன்னொன்று மேற்பார்வை சபை. ஒரே ஆள் இரண்டிலும் உட்கார முடியாது. 1976 சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்கிற கம்பெனி என்றால் மேற்பார்வை சபையில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு! யோசித்துப் பாருங்கள். ஆலையில் வேலை பார்ப்பவரின் பிரதிநிதி, முதலாளியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ‘இந்தச் செலவு எதற்கு?’ என்று கேட்கிறார். முதலாளி மனமிரங்கிக் கொடுத்த நாற்காலியா அது? சட்டம் போட்ட நாற்காலி!

ஜப்பான்காரர்கள் மானத்துக்குப் பேர் போனவர்கள். தவறு நடந்தால் கம்பெனித் தலைவர்கள் வரிசையாக நின்று, இடுப்பு வரைக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். மனச்சாட்சிக்கு இதைவிட ஒரு நாடு உண்டா? அங்கேதான் ஒலிம்பஸ் என்ற கேமரா கம்பெனி தன் நஷ்டத்தை ஏறக்குறைய 20 ஆண்டு மறைத்து வைத்திருந்தது 2011-ல் வெளியே வந்தது. கேள்வி கேட்ட தலைவரையே வேலையை விட்டு எடுத்தார்கள்! அதற்குப் பிறகு 2015-ல் ஜப்பானும் நிர்வாக நெறி விதிகளைக் கொண்டுவந்தது. குனிந்து கேட்கிற மன்னிப்பு அழகுதான். ஆனால் நிமிர்ந்து கேட்கிற கேள்வி அதைவிட அழகு ஐயா! (கைதட்டல்)

‘ஜெர்மனியில் சட்டம் இருந்தும் 2020-ல் வயர்கார்டு கம்பெனியில் 190 கோடி யூரோவைக் காணோமே?’ என்று எதிரணித் தம்பி மடக்கினார். நல்ல கேள்வி தம்பி. கொசுவலையில் ஓட்டை விழுந்துவிட்டது. அதற்காகக் கொசுவலையைத் தூக்கி எறிந்துவிட்டு, கொசுவின் மனச்சாட்சியை நம்பிப் படுத்துத் தூங்குவீர்களா? (பலத்த சிரிப்பு) ஊசி நூலை எடுத்துத் தைக்கணும். ஜெர்மனியும் 2021-ல் புதுச் சட்டம் போட்டு ஓட்டையைத் தைத்தது.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். இந்தப் பூமி ஒரு காலத்தில் கடல். சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் படுத்துக் கிடக்கிறதே, அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கடல் விட்டுப் போன சீதனம்தான் சுண்ணாம்புக்கல். அதனால்தான் அரியலூர் சிமெண்ட் ஊர் ஆனது. அரசு ஆலையும் இருக்கிறது, தனியார் ஆலைகளும் இருக்கின்றன. சிமெண்ட் வெளியூருக்குப் போகிறது, தூசி உள்ளூரில் தங்குகிறது. லாபம் வெளியூருக்குப் போகிறது, பள்ளம் உள்ளூரில் தங்குகிறது. அப்போ இந்த ஊருக்கு என்ன? முன்பெல்லாம் முதலாளிக்கு மனம் இருந்தால் ஒரு பள்ளிக்கூடம், மனம் வராவிட்டால் ஒன்றுமில்லை. இதுதான் மனச்சாட்சி ஆட்சி.

2013-ல் கம்பெனிச் சட்டம் வந்தது. ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ இருக்கிற கம்பெனி, முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமுதாயப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். செலவு செய்யாத பணத்தைக் குறிப்பிட்ட நிதியில் செலுத்த வேண்டும் என்றும் பிறகு திருத்தினார்கள். பல நாடுகளில் ‘விருப்பம் இருந்தால் செய்’ என்று விட்டதை, நம் நாடு ‘செய்துதான் ஆகணும்’ என்று சட்டத்தில் எழுதியது. 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைத்தார்கள். பழைய குத்தகைச் சுரங்கம் அரசுக்கு 100 ரூபாய் ராயல்டி கட்டினால், அதற்கு மேல் 30 ரூபாய் இந்த மாவட்ட அறக்கட்டளைக்கு. ஏலத்தில் எடுத்த சுரங்கம் என்றால் 10 ரூபாய். குடிதண்ணீருக்கு, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு. நீங்கள் இனி எந்த ஆலை வாசலிலும் கையேந்தி நிற்க வேண்டியதில்லை. ‘எங்கள் ஊருக்கு வந்த பணம் எவ்வளவு, எங்கே செலவானது?’ என்று கலெக்டர் ஆபீசில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டுக் கேட்கலாம். மனச்சாட்சி கொடுத்தால் அது பிச்சை. சட்டம் கொடுத்தால் அது உரிமை! (நீண்ட கைதட்டல்)

எதிரணி கடைசியாக ஒரு பிரம்மாஸ்திரம் விட்டது. அரியலூரில் நின்று பேசினால் யாரும் மறுக்க முடியாத அஸ்திரம். 1956 நவம்பர் 23. அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம். பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்தவர். அந்த மாமனிதர் முன்னால் நான் தலை வணங்குகிறேன். மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் விலகினார், பாலம் நிமிர்ந்ததா? அடுத்த ரயிலைக் காப்பாற்றுவது எது? பாலத்தைச் சோதிக்கிற விதி. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பாருங்கள். ரயில் பாதுகாப்பைச் சோதிக்கிற அதிகாரிகளை 1941-லேயே ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து பிரித்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த ரயில் பாதுகாப்பு ஆணையம் எந்த அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது தெரியுமா? விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்! (சிரிப்பு) சிரிக்காதீர்கள், அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. ரயிலைச் சோதிக்கிறவன் ரயில்வேயிடம் சம்பள உயர்வுக்குக் கைகட்டி நிற்கக் கூடாது. சோதிக்கிறவன் வேறு, சோதிக்கப்படுகிறவன் வேறு. உலகத்தில் எந்த நாட்டுக் கம்பெனிச் சட்டத்தை எடுத்தாலும் சாரம் இந்த ஒரு வரிதான். இன்னொன்றும் சொல்கிறேன். சாஸ்திரி போன்றவர் நூறு ஆண்டுக்கு ஒருவர் பிறப்பார். ரயிலோ தினமும் ஓடுகிறது ஐயா! (கைதட்டல்)

இனி, தாய்மார்களுக்கு நேராகச் சில வார்த்தை. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. வெள்ளைக்காரன் கம்பெனி, மலை மாதிரி நம்பினார்கள். விதவைகள், பென்ஷன்காரர்கள், வக்கீல்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் பணம் போனது. அதன் தலைவருக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. பணம் முழுசாகக் கிடைத்ததா? இல்லை. ஏன்? டெபாசிட்டுக்குக் காப்பீடு என்ற சட்டமே அப்போது இல்லை. அந்தச் சாம்பலிலிருந்து நம்மவர்கள் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் பாங்கியைத் தொடங்கியது வேறு கதை.

அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பாங்கிகள் மூடிய பிறகு 1933-ல் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம் வந்தது. நமக்கு 1960-ல் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் பாங்கி விழுந்த பிறகு, 1962-லிருந்து வந்தது. முதலில் ஓர் ஆளுக்கு 1,500 ரூபாய். 1993-ல் ஒரு லட்சம். 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம். ஒரு பாங்கியில் உங்கள் பெயரில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஆனால் கவனியுங்கள், இது பாங்கிக்கு மட்டும்தான். தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வைத்து, காலண்டர் கொடுக்கிற பைனான்ஸ் கம்பெனிக்குக் கிடையாது!

தொண்ணூறுகளில் எத்தனை பைனான்ஸ் கம்பெனிகள் ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டிக்கொண்டு போயின! ரிடையரான வாத்தியார் ரசீதும் கையுமாகப் பூட்டிய கதவு முன்னால் நின்றாரே, அந்தக் கண்ணீரில் பிறந்ததுதான் 1997-ன் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம். மோசடிக் கம்பெனியின் சொத்தை முடக்கலாம், தனி நீதிமன்றம் உண்டு, பத்தாண்டு வரை சிறை உண்டு. அதற்குப் பிறகும் 2012-ல் ஈமு கோழி வந்தது. ஈமு பறக்காத பறவை. ஆனால் நம்ம பணம் பறந்தது! (பலத்த சிரிப்பு) 2019-ல் நாடு முழுவதற்கும், முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களையே தடை செய்யும் சட்டம் வந்தது.

‘சட்டம் இருந்தும் ஏமாறுகிறார்களே?’ என்பீர்கள். சட்டம் இருக்கிற இடத்தை விட்டு, மனச்சாட்சியை நம்பிப் போவதால்தான் ஏமாறுகிறார்கள்! ‘நம்ம ஊர் ஆளு, நம்ம சாதி சனம், நல்ல மனுசன், விபூதி பட்டையாப் போட்டிருக்கார்’ என்று நம்பிப் பணம் கொடுக்கிறோமே, அதற்குப் பெயர் என்ன? அவருடைய மனச்சாட்சி மீது வைத்த நம்பிக்கை! சீட்டுச் சேரும் முன், சட்டப்படி சீட்டுப் பதிவாளரிடம் பதிவு செய்ததா என்று கேளுங்கள். பதிவான சீட்டு என்றால், நடத்துபவர் முன்கூட்டியே ஈடு கட்டியிருப்பார். டெபாசிட் வாங்கும் கம்பெனி என்றால், ரிசர்வ் பாங்கி அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான் பொருளாதாரம்!

நம் மகளிர் சுயஉதவிக் குழுவைப் பாருங்கள். 1989-ல் தருமபுரியில் தொடங்கித் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஒரே தெரு அக்கா தங்கச்சிகள். ஒருத்தியை ஒருத்தி பிறந்ததிலிருந்து தெரியும். ஆனாலும் கூட்டம் போட்டால் தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு, எல்லோரும் கையெழுத்து. சந்தேகமா? இல்லை. கணக்கு சுத்தமாக இருந்தால் உறவும் சுத்தமாக இருக்கும்! எங்கள் வீட்டில் கூட, சம்பளக் கவரை என் வீட்டுக்காரர் நீட்டும்போது நான் எண்ணித்தான் வாங்குவேன். அன்பு வேறு, ஆடிட் வேறு! (சிரிப்பு, கைதட்டல்)

இது மேல்நாட்டுச் சரக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிற மாவட்டத்துக்காரர்களுக்குச் சோழர் கதை சொல்லித் தரணுமா? முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டு. ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலையில் பெயர் எழுதக் கூடாது. அவன் மட்டுமா? அவன் நெருங்கிய உறவினரும் கூடாது! இன்றைக்கு ‘உறவினர் பெயரில் கம்பெனி வைத்துப் பணத்தைத் திருப்பாதே’ என்று உலகமெல்லாம் சட்டம் போடுகிறார்களே, அதை ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டி வைத்தவன் தமிழன். அவன் காலத்தில் மனச்சாட்சி இல்லாமலா இருந்தது? இருந்தது. இருந்தும், அதை நம்பிச் சும்மா இருக்காமல் கல்லில் எழுதினானே, அவன்தான் ஐயா விவரமானவன்!

நடுவர் ஐயா அவர்களே! மனச்சாட்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்லவனை நல்லவனாக வைத்திருக்க மனச்சாட்சி போதும். ஆனால் அடுத்தவன் பணத்தைக் கையில் வைத்திருப்பவன் நல்லவனா கெட்டவனா என்று, நெஞ்சைத் திறந்து பார்க்க எந்த நாட்டிலும் கருவி இல்லை. கணக்கைத் திறந்து பார்க்கத்தான் வழி இருக்கிறது. அந்த வழியைத் திறந்து வைப்பது சட்டம். ஆகவே நிறுவனங்களை நேர்வழியில் நிறுத்துவது சட்டமே, சட்டமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 

(நீண்ட கைதட்டல்)